பால்வண்ணக் கோலி: பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு பாடம்

கோலிக்குண்டை அறியாத தமிழர் இல்லை. நம் ஊரில் கோலி அல்லது குண்டு. யாழ்ப்பாணத்து அன்பர்களுக்குப் போளை. இங்கே வங்காளிப் பிள்ளைகளுக்கு குலி. பெயர் எதுவானாலும் விரல் நுனியில் வைத்துச் சுண்டுவது அதே கண்ணாடி உருண்டைதான்.

கொல்கத்தாவில் இரண்டு, மூன்று தலைமுறைகளாக வாழும் குடும்பங்கள் லேக் மார்க்கெட் பக்கத்துப் பழைய வீட்டைக் காலி செய்து சென்னைக்கோ பெங்களூருக்கோ போகும்போது, பரணிலிருந்து இறங்கும் சாமான்களில் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கோலிகள் இருப்பது அபூர்வமல்ல. அது அநேகமாகப் பித்தளைப் பாத்திரங்களோடு பிக்ரிவாலாவின் சாக்குக்குள் போய்விடும். இன்னொரு பக்கம், "பழங்காலத்து நிலாக்கல் கோலி" என்று சொல்லி நேற்றுச் செய்த உருண்டையை நல்ல விலைக்கு விற்பவர்களும் உண்டு. தெரியாமல் தூக்கி எறிவதும் தெரியாமல் பணம் கொடுப்பதும் ஒரே அறியாமையின் இரண்டு பக்கங்கள். அதைப் போக்கும் அளவுக்கு, பால்வண்ணக் கோலிகளை இனம் காணும் முறையை இங்கே படிப்படியாகக் காண்போம். பள்ளிப் பிள்ளைகளும் செய்து பார்க்கும்படி எளிய சோதனைகளையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலிலேயே ஒரு விதியை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பால்வண்ணம் என்பது கண்ணாடியின் இனத்தைச் சொல்லும். அதன் வயதைச் சொல்லாது. வயதைப் பற்றிப் பேசுவது, அந்தக் கோலியைச் செய்த முறை விட்டுச் சென்ற தழும்புகள்தான். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் நேர்கின்றன.

1. நான்கு வகைத் தோற்றம்

டின்னைக் கவிழ்த்து, கோலிகளை ஒரு கறுப்புத் துணியின் மேல் பரப்புங்கள். நிறத்தை மறந்துவிட்டு, ஒளி உள்ளே போகும் விதத்தை மட்டும் பார்த்தால் நான்கு கூட்டங்களாகப் பிரிக்கலாம்.

முதலாவது, தெளிந்த கண்ணாடி. உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். நடுவில் வண்ண இதழ்கள் உள்ள பூனைக்கண் கோலி இந்த வகை. இவை 1950களில் ஜப்பானிலிருந்து உலகச் சந்தைக்குப் பெருவாரியாக வந்து, பிறகு பல நாடுகளிலும் செய்யப்பட்டவை.

இரண்டாவது, ஒளி புகாத வெள்ளை அல்லது வண்ணக் கண்ணாடி. பார்க்கப் பீங்கான் போல இருக்கும்.

மூன்றாவது, நம் பாடத்துக்குரிய பால்வண்ணக் கண்ணாடி. நீரில் சிறிது பால் கலந்தது போன்ற மங்கல். ஒளி உள்ளே போகும், ஆனால் நேராக வெளியே வராது. ஒரு நீலச் சாயல் உடம்பு முழுவதும் மிதப்பது போலத் தோன்றும்.

நான்காவது, மேற்பூச்சுக் கோலி. மழைத் தண்ணீரில் எண்ணெய் படர்ந்தது போல வானவில் நிறங்கள் மேலே மட்டும் ஓடும். சூடான கண்ணாடியின் மேல் உலோக உப்புகளின் ஆவி படிவதால் வருவது இது. கீறல் விழுந்த இடத்தில் பூச்சு போய் அடிக் கண்ணாடி தெரியும். இதைப் பால்வண்ணம் என்று எண்ணிவிடக் கூடாது.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே கத்தியால் வெட்டியது போன்ற எல்லை கிடையாது. சில கோலிகள் நடுவில் நிற்கும். அவற்றைத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டு மேலே போகலாம்.

2. நீலமும் ஆரஞ்சும் எங்கிருந்து வருகின்றன?

பால்வண்ணக் கோலியைக் கறுப்புத் துணியில் வைத்தால் நீலம். அதையே விளக்குக்கு எதிரே பிடித்தால் ஆரஞ்சு. ஒரே உருண்டை, இரண்டு நிறம். இதில் மாயம் எதுவும் இல்லை. காலையிலும் மாலையிலும் வானத்தில் நடப்பதுதான் இதற்குள்ளும் நடக்கிறது.

கண்ணாடி உருக்கும்போது ஃபுளோரைடு தாதுக்களையோ எலும்புச் சாம்பலையோ சேர்ப்பார்கள். குழம்பு நிலையில் எல்லாம் ஒன்றாகக் கரைந்திருக்கும். ஆறத் தொடங்கும்போது மிக நுண்ணிய துகள்கள் பிரிந்து, கண்ணாடிக்குள் எங்கும் பரவி நிற்கும். அவை ஒளி அலையின் நீளத்தைவிடச் சிறியவையாக இருந்தால், நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் சிதறடிக்கும். நீலத்தின் அலைநீளம் சுமார் 450 நானோமீட்டர், சிவப்பு சுமார் 650. சிதறல், அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதம் என்பது ராலே கண்ட விதி. 650ஐ 450ஆல் வகுத்து, வருவதை நான்கு முறை பெருக்கிப் பாருங்கள். 4க்குச் சற்று மேல் வரும். அதாவது நீலம், சிவப்பைப் போல நான்கு மடங்குக்கும் மேல் சிதறுகிறது. பக்கவாட்டில் சிதறி வருவது நமக்கு நீலமாகத் தெரிகிறது. நீலத்தை இழந்து நேராக ஊடுருவி வருவது ஆரஞ்சாகத் தெரிகிறது. துகள்கள் பெரிதாகிவிட்டால் எல்லா நிறமும் சமமாகச் சிதறி, வெறும் வெள்ளையாகிவிடும். மேலே சொன்ன இரண்டாவது வகை அதுதான்.

கொல்கத்தாவில் வாழும் நமக்கு இதில் ஒரு தனிப் பெருமையும் உண்டு. திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சர் சி.வி. ராமன், 1907இல் கணக்குத் துறை அதிகாரியாக அன்றைய கல்கத்தாவுக்கு வந்தவர். பௌபஜார் தெரு 210ஆம் எண் கட்டடத்திலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில், அலுவலக நேரம் போக மீதிப் பொழுதெல்லாம் ஆராய்ச்சி செய்தார். 1921இல் இங்கிலாந்து போய்த் திரும்பும் கப்பல் பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரைச் சிந்திக்க வைத்தது. கடலின் நீலம் வெறும் வானத்தின் பிரதிபலிப்பே என்ற கருத்து அப்போது இருந்தது. ராமன் ஒரு நிக்கல் பட்டகத்தின் வழியாகப் பார்த்து மேற்பரப்புப் பிரதிபலிப்பை நீக்கினார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். அந்த வழியில் தொடர்ந்ததுதான் 1928 பிப்ரவரி 28 அன்று கண்ட ராமன் விளைவும் 1930இன் நோபல் பரிசும். ஒரு வேறுபாட்டைப் பிள்ளைகள் குறித்துக்கொள்ள வேண்டும். ராமன் விளைவில், சிதறிய ஒளியில் ஒரு மிகச் சிறு பகுதியின் அலைநீளமே மாறிவிடுகிறது. கோலியில் நாம் காண்பது அதுவல்ல. அலைநீளம் மாறாத சாதாரணச் சிதறல்தான்.

வீட்டில் செய்து பார்க்க: ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, மூன்று நான்கு சொட்டு பால் விட்டுக் கலக்குங்கள். அறையை இருட்டாக்கி, டம்ளரின் ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடியுங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நீர் நீலம் பாய்ந்திருக்கும். டார்ச்சுக்கு நேர் எதிரே நின்று பார்த்தால் விளக்கு மஞ்சளாகத் தெரியும். இன்னும் சில சொட்டு விட்டால் ஆரஞ்சாகும். மேலும் மேலும் விட்டால் எல்லாம் வெள்ளையாகிவிடும். மூன்றாவது வகைக் கோலியிலிருந்து இரண்டாவது வகைக்குப் போகும் பயணம் முழுவதையும் அந்த ஒரே டம்ளரில் பார்த்துவிடலாம்.

3. விளக்குச் சோதனை

இப்போது கோலிக்கு வருவோம். பகலில், நேர் வெயில் படாத ஜன்னல் ஓரத்தில் செய்வது உத்தமம்.

முதலில் கோலியைக் கறுப்புத் துணியில் வைத்து, உடம்பு நீலம் பாய்ந்த வெள்ளையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பச்சை, மஞ்சள் போன்ற நிறமுள்ள பால்வண்ணக் கோலிகளில் இந்த நீலம் அமுங்கி, ஓரங்களில் ஒரு மங்கல் ஒளியாக மட்டும் தெரியலாம்.

அடுத்து, கோலிக்குப் பின்னால் சிறிய டார்ச்சை ஒட்டிப் பிடியுங்கள். உள்ளே தணல் கனிவது போல ஆரஞ்சு ஒளி வந்தால் அது பால்வண்ணக் கண்ணாடி. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இதை "நெருப்பு" என்றே சொல்கிறார்கள்.

மூன்றாவதாக, அச்சிட்ட தாளின் மேல் வைத்து எழுத்துகளைப் பாருங்கள். தெளிந்த கண்ணாடியில் எழுத்து வளைந்தாவது தெரியும். பால்வண்ணத்தில் கறுப்பு நிழலாக மட்டும் தெரியும். ஒளி புகாததில் ஒன்றும் தெரியாது.

ஓர் எச்சரிக்கை. கோலியின் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. தெளிந்த கோலி ஒரு லென்ஸ்; வெயிலில் துணியின் மேலோ காகிதத்தின் மேலோ வைத்துவிட்டுப் போனாலும் பற்றிக்கொள்ள இடமுண்டு.

4. வயதைச் சொல்லும் தழும்புகள்

பூகோள உருண்டையைப் போலக் கோலிக்கும் இரண்டு துருவங்கள் உண்டென்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு பூதக்கண்ணாடி வேண்டும். கோலியை மெதுவாகத் திருப்பி, அந்தத் துருவங்களைத் தேட வேண்டும்.

கையால் செய்தவை: ஜெர்மனியின் லௌஷா ஊரில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில், கோலி செய்வதற்கென்றே ஒரு கத்தரிக்கோல் வழக்கத்துக்கு வந்தது. அதன் ஒரு முனையில் கிண்ணம், மறு முனையில் வெட்டும் அலகு. நீண்ட கண்ணாடித் தண்டின் நுனியைச் சூடாக்கி, கிண்ணத்தில் உருட்டி, அறுத்து எடுப்பார்கள். ஆகவே அறுத்த வடு இரண்டு துருவங்களிலும் இருக்கும். தேய்த்திருந்தாலும் தடவினால் சொரசொரப்பு தெரியும். உள்ளே சுருள் கோடுகள் இருந்தால், அவை ஒரு வடுவில் தொடங்கி மறு வடுவில் முடியும்.

பாதி கை, பாதி இயந்திரம்: அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் மார்ட்டின் கிறிஸ்டென்சன் என்பவர் கண்ணாடி உருண்டை செய்யும் இயந்திரத்துக்கு 1905இல் காப்புரிமை பெற்றார். குழம்பை ஓர் ஆள் கம்பியில் அள்ளிச் சொட்ட விடுவார், இன்னொருவர் துண்டிப்பார், உருட்டுவது மட்டும் இயந்திரம். கம்பியிலிருந்து இழுபட்டு விழும்போது கண்ணாடி சுழல்வதால், ஒரு துருவத்தில் ஒன்பது என்ற எண் போன்ற சுழியும், எதிர்த் துருவத்தில் துண்டித்த கோடும் தெரிவதுண்டு.

முழுவதும் இயந்திரம்: உலையிலிருந்து தானே சொட்டும் குழம்பு துண்டாகி, திருகுப் பள்ளம் வெட்டிய இரண்டு உருளைகளுக்கு நடுவே விழுந்து, உருண்டுகொண்டே ஆறி, மறு முனையில் கோலியாக வெளிவரும். நீண்ட திருகாணி மரை இரண்டை அடுத்தடுத்து வைத்துச் சுழற்றினால் எப்படியோ அப்படி. அறுத்த வடு இராது. உற்றுப் பார்த்தால் ஒன்றோ இரண்டோ மெல்லிய தையல் கோடு இருக்கலாம். பிந்திய இயந்திரங்களில் அதுவும் இராது.

இதில் மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க் நகரிலிருந்த ஏக்ரோ அகேட் கம்பெனி பெயர் பெற்றது. ஏக்ரன் நகரில் தொடங்கி, 1914இல் கிளார்க்ஸ்பர்க்குக்கு இடம் மாறி, 1951இல் மூடப்பட்டது. முதல் உலகப் போரில் ஜெர்மன் சரக்கு நின்றுபோனது இத்தகைய அமெரிக்கக் கம்பெனிகளுக்கு வாய்ப்பாயிற்று. ஏக்ரோவின் வெள்ளைப் பால்வண்ணக் கோலிக்கு "மூனி" என்று பெயர். நிலவின் பெயரால் வந்தது. நிறம் சேர்த்த பால்வண்ணத்தை "ஃபிளிண்டி" என்பார்கள். விளக்கில் ஆரஞ்சாகக் கனிவதே மூனியின் முதல் அடையாளம்.

ஆனால் அவசரப்பட வேண்டாம். நம் டின்னில் கிடைத்த வெள்ளைப் பால்வண்ணக் கோலி ஆரஞ்சாகக் கனிந்துவிட்டால் அது ஏக்ரோ மூனி ஆகிவிடாது. பால்வண்ணக் கண்ணாடியைப் பல நாடுகளில், பல காலங்களில் செய்திருக்கிறார்கள், இன்றும் செய்கிறார்கள். அமெரிக்கப் புத்தகங்கள் அமெரிக்கக் கம்பெனிகளுக்காக எழுதப்பட்டவை. கொல்கத்தா துறைமுக நகரம். பல நாட்டுச் சரக்கு இங்கே வந்திறங்கியிருக்கிறது. உள்நாட்டில் செய்ததும் சேர்ந்திருக்கிறது. பெட்டியோ, ரசீதோ, குடும்பத்தாரின் உறுதியான ஞாபகமோ இல்லாமல் கம்பெனிப் பெயர் சூட்டுவது ஜோசியம்தான். "இயந்திரத்தில் செய்த பால்வண்ணக் கோலி, ஒரு தையல் கோடு, 16 மி.மீ." என்று எழுதுவதே நேர்மையான அடையாளம்.

5. சோடாக் குண்டு

நம் டின்களில் நிச்சயமாகக் கிடைக்கும் இன்னொன்று சோடாக் குண்டு. ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற குண்டு அடைப்புப் பாட்டில்தான் நம் கோலி சோடா. உள்ளேயிருக்கும் வாயுவின் அழுத்தம் குண்டை மேலே தள்ளி, கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தில் இறுக்கும். தனி மூடி தேவையில்லை. குண்டை உள்ளே போட்ட பிறகே பாட்டிலின் வாயைக் குறுக்குவார்கள். ஆகவே பாட்டிலை உடைக்காமல் குண்டு வெளியே வராது.

இந்தக் குண்டு பெரும்பாலும் இளம்பச்சை அல்லது நீலப்பச்சை. அலங்காரக் கோடுகள் எதுவும் இராது. நாள்பட்ட குண்டு பாட்டில் கழுத்தில் உரசி உரசி, மேலெல்லாம் மங்கிப்போயிருக்கும். அந்த மங்கலைப் பால்வண்ணம் என்று எண்ணுவது சகஜம். சோதனை எளிது: ஒரு சொட்டுத் தண்ணீர் தடவுங்கள். தண்ணீர் பட்ட இடம் தெளிந்தால் மங்கல் மேற்பரப்பில் இருக்கிறது. அது தேய்ந்த கண்ணாடி. தண்ணீர் பட்டும் மங்கல் போகாமல், விளக்கில் ஆரஞ்சும் வந்தால்தான் பால்வண்ணம்.

இன்னொரு வேண்டுகோள். பழைய சோடாப் பாட்டில் முழுதாகக் கிடைத்தால், குண்டுக்காக அதை உடைக்காதீர்கள். குண்டைவிடப் பாட்டில்தான் அரிது.

6. நிலாக்கல் மோதிரம்

கோலிப் பாடத்தில் மோதிரம் ஏன் என்று கேட்கலாம். சந்திரனுக்கு உகந்தது என்று சந்திரகாந்தக் கல் வாங்கி அணியும் வழக்கம் நம்மவரிடமும் வங்காளிகளிடமும் உண்டு. "ஓபலைட்" என்ற பெயரில் விற்கப்படும் பால்வண்ணக் கண்ணாடியைச் சில இடங்களில் நிலாக்கல் என்றே தலையில் கட்டிவிடுகிறார்கள். கோலிக்குச் செய்த விளக்குச் சோதனை இங்கே அப்படியே உதவும். கறுப்பில் நீலமும், விளக்கில் உடம்பெல்லாம் ஒரே சீரான ஆரஞ்சும், உள்ளே உருண்டையான காற்றுக் குமிழும் இருந்தால் கண்ணாடியென்று சந்தேகப்பட வேண்டும். இயற்கை நிலாக்கல்லில் நீலப் பளபளப்பு ஒரு தகடு போல, கல்லைச் சாய்க்கச் சாய்க்க இடம் மாறி ஓடும். சந்தேகம் இருந்தால் ரத்தினப் பரிசோதனைச் சான்றிதழ் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

7. அளவும் எடையும்

ரயில்வே பணிமனையில் வெர்னியரோடு வாழ்நாளைக் கழித்தவன் என்பதால், அளக்காமல் எதையும் ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை. கோலியின் விட்டத்தை மூன்று திசைகளில் அளந்து எழுதுங்கள். இயந்திரக் கோலியில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். கைக் கோலியில் வித்தியாசம் தெரியும்.

16 மி.மீ. கோலியின் கன அளவு சுமார் 2.1 கன செ.மீ. சாதாரணக் கண்ணாடியின் அடர்த்தி 2.5. ஆகவே எடை சுமார் 5.4 கிராம். பாதி எடைதான் இருந்தால் அது பிளாஸ்டிக். ஆனால் எடையை வைத்துப் பழையது, புதியது என்று பிரிக்க முடியாது. அகேட் கல்லின் அடர்த்தியே சுமார் 2.6 என்பதால், கல்லையும் கண்ணாடியையும்கூட வீட்டுத் தராசு பிரிக்காது.

கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கில் சில கோலிகள் பளிச்சென்று பச்சையாக ஒளிரும். கண்ணாடியில் சிறிது யுரேனியம் சேர்த்திருப்பதன் அறிகுறி அது. இதுவும் கலவையைச் சொல்லுமேயன்றி வயதைச் சொல்லாது. யுரேனியக் கண்ணாடி இன்றும் செய்யப்படுகிறது.

8. செய்யக் கூடாதவை

புளி, சாம்பல், அமிலம், உப்புத்தாள் எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். வெதுவெதுப்பான நீரும் சிறிது சோப்பும் போதும். கொதிநீர் கூடாது, விரிசல் விழும். மெருகேற்றித் தரும்படி யாரிடமும் கொடுக்காதீர்கள். மெருகேற்றினால் துருவத்து வடு அழியும். வடு அழிந்தால் வயதுக்கான சாட்சியே போய்விடும். ஆடியபோது பட்ட அரைவட்டக் காயங்கள் இருந்துவிட்டுப் போகட்டும். டின்னில் கொட்டிக் குலுக்காமல், பருத்தித் துணிப் பிரிவுகளில் ஈரம் படாமல் வையுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கைக்கு எட்டவே கூடாது.

9. பயிற்சி

இந்த விடுமுறையில் பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகம் போடட்டும். ஒவ்வொரு கோலிக்கும் ஒரு வரி: வரிசை எண், விட்டம், எடை, கறுப்பில் நிறம், விளக்கில் நிறம், துருவத் தழும்பு, காயம். கடைசிக் கட்டத்தில் "யாருடையது, எந்த ஊரில், எந்த ஆண்டில்" என்று எழுத வேண்டும். முதல் ஏழு கட்டங்களையும் நூறு ஆண்டு கழித்துக்கூட யாரும் நிரப்பிவிடலாம். கடைசிக் கட்டத்தை நிரப்ப வீட்டிலுள்ள தாத்தா பாட்டியால்தான் முடியும், அதுவும் அவர்கள் இருக்கும்போதுதான். பௌபஜாரில் தொடங்கிய ராமனின் கழகம் இப்போது ஜாதவ்பூரில் இருக்கிறது. அதே ராஜா எஸ்.சி. மல்லிக் சாலையில், 1950இல் திறக்கப்பட்ட மத்திய கண்ணாடி பீங்கான் ஆராய்ச்சி நிலையமும் உள்ளது. ஒளியையும் கண்ணாடியையும் பற்றி மேலே படிக்க விரும்பும் பிள்ளைக்கு இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் வேறு வேண்டாம்.

அடுத்த முறை பிக்ரிவாலா வாசலில் குரல் கொடுக்கும்போது, டின்னை எடுத்துக் கொடுப்பதற்கு முன் ஒரு டார்ச்சையும் ஒரு பூதக்கண்ணாடியையும் தேடுங்கள். பத்து நிமிடம் போதும்.